சாண்டா க்ரோச்சேல கல்லறைய முதல்ல பாக்காதீங்க

ஃபிளாரன்ஸ்ல மொத்தமே ஒன்றரை நாள்தான் இருக்கு, அதுல சாண்டா க்ரோச்சே சர்ச்சுக்கு டிக்கெட் எடுத்து உள்ள போறது வொர்த்தா, அங்க வெறும் கல்லறைங்கதான் இருக்குன்னு சொல்றாங்க, சுவர் ஓவியமும் பாதி அழிஞ்சு கிடக்குன்னு சொல்றாங்க, போனா எத எந்த வரிசைல பாக்கணும்னு கேட்டிருந்தீங்க. என் பதில், கண்டிப்பா போங்க. ஆனா ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடிஞ்சா மட்டும் போங்க. அரை மணி நேரத்துல முடிச்சுட்டு வர்றதுன்னா வெளிய நின்னு அந்த வெள்ளை மார்பிள் முகப்ப பாத்துட்டு வந்துடலாம், காசாவது மிச்சம்.

ஏன் இப்படி சொல்றேன்னா, உள்ள வர்ற கூட்டத்துல பெரும்பாலானவங்க பண்றது ஒரே மாதிரிதான். நுழைஞ்சதும் மைக்கேலாஞ்சலோ கல்லறை எங்கன்னு தேடுறாங்க, போட்டோ எடுக்குறாங்க, எதிர்ல கலிலியோ, அங்க ஒரு போட்டோ, அப்புறம் மாக்கியவெல்லி, ரொசினின்னு பேர் பேரா பாத்துட்டு, கடைசில பீடத்துக்கிட்ட போகும்போது களைச்சுப் போயிடுறாங்க, அங்க இருக்குற மங்கலான ஓவியங்கள ஒரு நிமிஷம் அண்ணாந்து பாத்துட்டு கிளம்பிடுறாங்க. நீங்க இத அப்படியே தலைகீழா பண்ணுங்க. ரெண்டு பக்கமும் திரும்பாம நேரா பீடம் வரைக்கும் நடங்க, ஓவியம் முதல்ல, கல்லறை திரும்பி வரும்போது. அப்படிப் பாத்தாதான் இந்த ரெண்டும் வேற வேற விஷயம் இல்லன்னு புரியும். இங்க ஓவியம் வரைய வச்சதே சாவ நினைச்சு பயந்தவங்கதான், அதே ஓவியத்த பிற்காலத்துல அழிச்சதுல பாதி கல்லறைங்கதான்.

கதைய கொஞ்சம் முன்னாடில இருந்து சொல்றேன். இது ஃபிரான்சிஸ்கன் துறவிகளோட சர்ச். 1294-ல கட்ட ஆரம்பிச்சாங்க, ஆர்னோல்ஃபோ டி காம்பியோ ப்ளான் போட்டாருன்னு சொல்வாங்க, 1443-ல அபிஷேகம் நடந்துச்சு, அதாவது கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷம். நீளம் 115 மீட்டர் வரும், ஃபிரான்சிஸ்கன் சபை சர்ச்சுகள்ல உலகத்துலயே பெருசு இதுதான்னு சொல்றாங்க. டி எழுத்து வடிவத்துல ப்ளான், மேல கல் வளைவு இல்லாம மர உத்திரக் கூரை. எதுவுமே வேணாம், சொத்தே கூடாதுன்னு சொன்ன அசிசி பிரான்சிஸோட சீடர்கள் இவ்வளவு பெரிய கட்டடம் எப்படிக் கட்டினாங்கன்னு கேக்கத் தோணும், அந்தக் காலத்துலயே சபைக்குள்ள அத வச்சு பெரிய சண்டை ஓடிச்சு. காசு கொடுத்தது ஃபிளாரன்ஸ் பாங்க்காரங்க. பார்டி, பெருட்சி, பரோன்செல்லி, இவங்கல்லாம் ஐரோப்பா முழுக்க வட்டிக்கு விட்ட குடும்பங்க, பார்டியும் பெருட்சியும் இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்டுக்கே கடன் கொடுத்தவங்க. வட்டி வாங்குறது பாவம்னு சர்ச் போதிச்சுட்டிருந்த காலம் அது. அதனால ஏழ்மைய விரதமா எடுத்த துறவிகளோட சர்ச்சுல, பீடத்துக்குப் பக்கத்துல ஒரு சாப்பல், அதாவது ஒரு சின்ன பூசை அறை வாங்கி, அதுல குடும்பத்துக்குப் புதைக்க இடம் வச்சு, சுவர் முழுக்க புனிதர்கள் கதைய வரைய வச்சு, துறவிங்க தினமும் நம்ம ஆத்துமாவுக்காக பூசை வைப்பாங்கன்னு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. 1340-கள்ல பார்டி, பெருட்சி ரெண்டு பாங்க்கும் திவாலாச்சு. சுவர்ல வரைஞ்சது மட்டும் இருக்கு.

இப்ப பீடத்துக்கு முன்னாடி நில்லுங்க. வலது பக்கம் முதல் சாப்பல் பார்டி, அதுக்கு அடுத்தது பெருட்சி. ரெண்டுமே ஃபிளாரன்ஸ் ஓவியர் ஜியோட்டோ வரைஞ்சது, 1310-லேந்து 1320-கள் வரைக்குமான காலம்னு வச்சுக்கலாம், சரியான வருஷத்த பத்தி இன்னும் சண்டை போடுறாங்க. மொத்தம் நாலு சாப்பல் வரைஞ்சாருன்னு சிற்பி கிபெர்ட்டி எழுதி வச்சிருக்காரு, மிஞ்சினது இந்த ரெண்டுதான்.

பார்டி சாப்பல்ல பிரான்சிஸ் கதை. இடது சுவர்ல மேல இருந்து கீழ வாங்க. மேல, அப்பா கொடுத்த துணியக் கூட கழட்டி அவர்கிட்டயே கொடுத்துட்டு பிரான்சிஸ் ஒண்ணுமில்லாம நிக்குறாரு, அப்பா கோவத்துல பாயப் பாக்குறாரு, அவர் கைய ஒருத்தர் புடிச்சு இழுக்குறாரு. கீழ இருக்குறது பிரான்சிஸோட சாவு. எனக்கு இந்த சர்ச்சுலயே பிடிச்ச இடம் அதுதான், அங்க பத்து நிமிஷம் நின்னா தப்பே இல்ல. படுத்த உடம்பு நீளவாக்குல கிடக்கு, சுத்தி துறவிங்க. ஒருத்தர் கைய முத்தம் பண்றாரு, ஒருத்தர் காலப் பிடிச்சிருக்காரு, ஒருத்தர் ரெண்டு கையையும் விரிச்சு கத்துற மாதிரி நிக்குறாரு. முன்னாடி பணக்கார உடுப்புல ஒருத்தர் மண்டி போட்டு, விலாவுல இருக்குற காயம் நிஜமான்னு கைய விட்டுப் பாக்குறாரு. அவருக்கு நம்பிக்கை இல்ல, அதான். சுத்தி அத்தனை பேரும் அழும்போது இந்த ஆளு மட்டும் ஆதாரம் தேடுறாரு, அத அப்படியே வரைஞ்சிருக்காரு ஜியோட்டோ. 700 வருஷத்துக்கு முன்னாடி, மனுஷ முகத்துல துக்கம் எப்படியெல்லாம் வேற வேறயா இருக்கும்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காருங்குறது இந்த சுவர் முன்னாடி நிக்கும்போதுதான் உறைக்கும்.

அந்த ஓவியத்துக்கு நடுவுல ஒண்ணுமே இல்லாத வெறும் பூச்சு திட்டுத் திட்டா இருக்கும், அதையும் உத்துப் பாருங்க. அந்த வெறுமையோட ஓரம் எல்லாம் நேர்க்கோடா, ஒரு கட்டட வடிவத்துல வெட்டுப்பட்டிருக்கும். தானா உதிர்ந்ததுன்னா அப்படி இருக்காது. அது ஒரு கல்லறை நின்ன இடம். பிற்காலத்துல இந்த சுவர் முழுக்க சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க, கீழ என்ன இருக்குன்னே மறந்து போச்சு, அப்புறம் வெள்ளைச் சுவர்தானேன்னு அதுல கல்லறைச் சின்னங்கள பதிச்சுட்டாங்க. 19-ம் நூற்றாண்டு நடுவுல சுண்ணாம்ப சுரண்டி ஓவியத்த வெளிய கொண்டு வந்தாங்க, பார்டி சாப்பல்ல அந்த வேலைய பண்ணவர் பியாங்கி. ஓட்டையா இருந்த இடத்தையெல்லாம் தன் கையால வரைஞ்சு ரொப்பிட்டாரு, பாக்க முழுசா இருந்துச்சு, ஆனா அது ஜியோட்டோ இல்ல. 1950-கள் கடைசில அந்த ஒட்டு வேலைய எல்லாம் எடுத்துட்டு, இருக்குறது மட்டும் இருக்கட்டும்னு விட்டாங்க. பாதி அழிஞ்சிருக்குன்னு உங்ககிட்ட சொன்னவங்க இதத்தான் பாத்திருப்பாங்க. என்னைக் கேட்டா அப்படி விட்டதுதான் நேர்மையான வேலை. எது 14-ம் நூற்றாண்டு கை, எது நஷ்டம்னு உங்க கண்ணுக்கே தெரியுது, யாரும் உங்கள ஏமாத்தல.

பக்கத்துல பெருட்சி சாப்பலுக்கு வந்தா இன்னும் மங்கலா இருக்கும், மனசு விட்டுடாதீங்க, காரணம் தெரிஞ்சா பாக்குற விதமே மாறிடும். ஃப்ரெஸ்கோன்னா சுண்ணாம்புச் சாந்து ஈரமா இருக்கும்போதே தண்ணில கரைச்ச கலர அடிக்கிறது. சாந்து காயக் காய காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்து மறுபடி கல்லா மாறும், கலர் அந்தக் கல்லுக்குள்ளயே மாட்டிக்கும், அதனாலதான் நூத்துக்கணக்கான வருஷம் நிக்குது. ஆனா ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் சாந்து பூச முடியும், காயறதுக்குள்ள முடிச்சாகணும். பார்டி சாப்பல பெரும்பாலும் அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க, நல்ல வெளிச்சத்துல பாத்தா ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவுல இருக்குற ஒட்டு கூட தெரியும். பெருட்சில ஜியோட்டோ பெரும்பாலும் காஞ்ச சுவர்லயே பசை சேத்த கலர வச்சு வரைஞ்சிருக்காரு. வேகமா முடிக்கலாம், நுணுக்கமா வேலை பண்ணலாம், ஆனா கலர் சுவருக்குள்ள இறங்காது, மேலயே ஒட்டிட்டு நிக்கும். அது மேல சுண்ணாம்பு அடிச்சு அப்புறம் சுரண்டினா என்ன மிஞ்சும் சொல்லுங்க. 2010 வாக்குல ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சுவர் மேல புற ஊதா வெளிச்சத்த அடிச்சுப் பாத்தப்போ வெறும் கண்ணுக்குத் தெரியாத மடிப்பு, முக ஜாடை, நிழல் எல்லாம் திரும்ப தெரிஞ்சுச்சு. அவ்வளவும் ஒரு காலத்துல அங்க இருந்திருக்கு.

பெருட்சில வலது சுவரோட கீழ்ப்பக்கம், நற்செய்தி எழுதின யோவான் கல்லறைக்குள்ள இருந்து நேரா மேல போற காட்சி. இடது பக்கம் குனிஞ்சு பாக்குற ரெண்டு பேர் இருப்பாங்க, நல்லா கவனிச்சு வச்சுக்குங்க. இந்த ரெண்டு பேரையும் பையனா இருந்தப்ப மைக்கேலாஞ்சலோ பேனாவால காப்பி பண்ணியிருக்காரு, அந்தத் தாள் இப்ப பாரீஸ்ல லூவர் மியூசியத்துல இருக்கு. அவரு வளந்ததும் இந்த சர்ச்ச சுத்தி இருக்குற தெருக்கள்லதான். இந்த இடத்துல நின்னு படம் வரையக் கத்துக்கிட்ட பையன், அதே கூரைக்குக் கீழ கொஞ்ச தூரத்துல படுத்திருக்காரு. இதுக்காகத்தான் சொல்றேன், பெருட்சிய பாத்துட்டு அப்புறம் அவர் கல்லறைக்குப் போங்கன்னு.

வலது கை கோடில பரோன்செல்லி சாப்பல். ஜியோட்டோகிட்ட ரொம்ப வருஷம் வேலை பாத்த சிஷ்யர் தாதேயோ காடி 1330 ஒட்டி வரைஞ்சது, நல்ல நிலைமைல இருக்கு. அதுல ராத்திரி காட்சி ஒண்ணு இருக்கு, இடையர்களுக்கு வானத்தூதர் தெரியுற இடம், மொத்த மலையும் இருட்டா இருக்க அந்தத் தூதர்கிட்ட இருந்து வர்ற வெளிச்சம் மட்டும் பாறை மேலயும் ஆட்கள் மேலயும் படுது. அந்தக் காலத்துல வெளிச்சத்த இப்படி யோசிச்சு வரைஞ்சவங்க ரொம்பக் கம்மி. இந்த தாதேயோ சூரிய கிரகணத்த வெறும் கண்ணால பாத்து, கண் கெட்டுப் போய், அதப் பத்தி ஒரு துறவிக்கு கடிதம் எழுதினவரு. அவரோட மகன் அக்னோலோ காடிதான் நடுப்பீடத்துக்குப் பின்னால இருக்குற பெரிய சாப்பல் முழுக்க வரைஞ்சவரு, சிலுவை மரத்தோட கதை. சர்ச் பேரே புனித சிலுவைங்குறதால அது நடுவுல இருக்கு. உயரம் ரொம்ப ஜாஸ்தி, பைனாகுலர் இல்லாம மேல் வரிசை ஒண்ணும் தெரியாது. மத்த சாப்பலையும் ஒரு நடை பாத்துக்கலாம், இடது பக்கக் கோடில இருக்குற மாசோ டி பாங்கோவோட டிராகன் காட்சி மட்டும் விட்டுடாதீங்க.

அப்புறம் பூசை உடுப்பு மாத்துற பெரிய அறைக்குள்ள போங்க, அங்க மேல தொங்குறது பழைய ஓவியர் சிமாபுவேயோட மரச் சிலுவை. நாலரை மீட்டர் உயரம். 1966 நவம்பர் 4-ம் தேதி ஆர்னோ ஆறு உடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்துச்சு, சாண்டா க்ரோச்சே பகுதிதான் ஊர்லயே பள்ளம், தண்ணியோட வீடுகள்ல குளிருக்கு எரிக்க வச்சிருந்த எண்ணெயும் சேந்து கறுப்பா ஓடிச்சு. அப்ப இந்தச் சிலுவை சாப்பாட்டுக் கூடத்துல இருந்த மியூசியத்துல இருந்துச்சு, தண்ணில நின்னு கலர்ல 60 சதவீதம் போயிடுச்சு. பத்து வருஷம் போராடி காப்பாத்தினாங்க. போன இடத்த புதுசா வரைஞ்சு ரொப்பல, தூரத்துல இருந்து கண்ணு தானா சேத்துக்குற மாதிரி மெல்லிய கோடுங்கள மட்டும் போட்டு விட்டிருக்காங்க, கிட்டப் போனா எது பழசு எது புதுசுன்னு தெளிவா தெரியும். இதே நவம்பர் 4-ம் தேதிதான் 1333-லயும் பெரிய வெள்ளம், பக்கத்துல சான் ரெமிஜியோ தெருவுல ஒரு மூலைச் சுவர்ல ரெண்டு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு மேலயும் கீழயுமா குறிச்சு வச்சிருக்காங்க, உங்க தலைக்கு எவ்வளவோ மேல இருக்கும். வெளிய வந்ததும் ஒரு அஞ்சு நிமிஷ நடை, பாத்துட்டுப் போங்க.

இப்ப திரும்பி வாசல் பக்கமா நடக்க ஆரம்பிங்க, ஆனா சுவரப் பாக்குறதுக்கு முன்னாடி தரையப் பாருங்க. காலுக்குக் கீழ இருக்குறதெல்லாம் கல்லறைக் கல்லு, 270-க்கு மேல இருக்குன்னு கணக்கு. சிலதுல படுத்த ஆளோட உருவமே செதுக்கியிருக்கும், அத்தனை நூற்றாண்டு நடந்து நடந்து மூக்கு, வாய் எல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிருக்கும், நல்லா இருக்குறத கயிறு கட்டி வச்சிருக்காங்க. நடுக்கூடத்துல கலிலியோன்னு பேர் போட்ட ஒரு கல்லு இருக்கும், அத பாத்துட்டு விஞ்ஞானி இங்கதான் இருக்காருன்னு நினைச்சுடாதீங்க, அது 15-ம் நூற்றாண்டுல வாழ்ந்த ஒரு டாக்டர், அதே குடும்பத்து மூதாதை. விஞ்ஞானிக்கு வச்சது அவரோட பேர்தான். வாசற்கதவு செஞ்சு பேர் வாங்கின கிபெர்ட்டியும் ஒரு சாதாரண தரைக்கல்லுக்குக் கீழதான் இருக்காரு.

சுவர்க் கல்லறைகள்ல, பேருக்காக இல்லாம சிற்பத்துக்காக ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா லியோனார்டோ புரூனி. வலது பக்கம். ஃபிளாரன்ஸ் அரசோட செயலாளரா இருந்த அறிஞர், 1444-ல செத்தாரு, பெர்னார்டோ ரொசெல்லினோ செஞ்ச கல்லறை. தலைல இலை மாலை, நெஞ்சு மேல ஒரு புத்தகம், நிம்மதியா படுத்திருக்காரு. நரகம், எலும்புக்கூடு, பயமுறுத்தல் எதுவும் இல்ல. படிச்ச மனுஷனுக்கு படிப்பே மரியாதைன்னு சொல்ற கல்லறை, இதுக்கு அப்புறம் வந்த நூறு வருஷத்துக்கு எல்லாரும் இந்த மாடலத்தான் பாத்து செஞ்சாங்க. பக்கத்துலயே சாம்பல் கல்லுல தங்கம் தொட்ட தொனத்தெல்லோவோட மங்கள வார்த்தை சிற்பம், தேவதூதர் வந்ததப் பாத்ததும் மரியாள் ஓடப் போறதா நிக்கப் போறதான்னு தெரியாத ஒரு நிலைமைல பாதி திரும்பி இருப்பாங்க, அவ்வளவு அழகு.

மைக்கேலாஞ்சலோ 1564 பிப்ரவரி 18-ல ரோம்ல செத்தாரு. ரோம்லயே புதைக்கலாம்னு பேச்சு இருந்துச்சு, அண்ணன் தம்பி வழி மகன் லியோனார்டோ உடம்ப வியாபாரச் சரக்கு மாதிரி கட்டி ஃபிளாரன்சுக்கு கொண்டு வந்துட்டாரு. கல்லறை டிசைன் ஓவியர் வசாரி, மார்பிள் கொடுத்தது டியூக் கோசிமோ. ஓவியம், சிற்பம், கட்டடக்கலைன்னு மூணு பெண் உருவங்க சோகமா உக்காந்திருக்கும். நேர்மையா சொல்றேன், சிற்பமா பாத்தா இது பெரிய வேலை இல்ல, அவர் கை பட்ட ஒரு கல்லு கூட இதுல கிடையாது. ஆனா பெருட்சி சாப்பல்ல அந்த ரெண்டு பேர பாத்துட்டு வந்து நின்னீங்கன்னா இந்த இடம் வேற மாதிரி இருக்கும்.

எதிர்ப்பக்கம் கலிலியோ. அவர் பொறந்தது 1564 பிப்ரவரி 15, மைக்கேலாஞ்சலோ சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி, இப்ப ரெண்டு பேரும் எதிரெதிரா. இவரோட கதைதான் இந்த சர்ச்சுலயே என்னை ரொம்ப பாதிக்குற கதை. 1633-ல விசாரணை பண்ணி தண்டனை கொடுத்தாங்க, மிச்ச வாழ்க்கை வீட்டுக்காவல்ல போச்சு, கண்ணும் போச்சு, 1642 ஜனவரில செத்தாரு. அப்ப இருந்த டியூக் இங்க மைக்கேலாஞ்சலோவுக்கு நேரா பெரிய கல்லறை கட்டலாம்னு ஆசைப்பட்டாரு, போப் எட்டாம் உர்பன் ஒத்துக்கல, தண்டனை வாங்கினவனுக்கு மரியாதையான்னு. அதனால பூசை அறைய தாண்டிப் போற நடையோட கோடில, மெடிச்சி சாப்பலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறைல புதைச்சுட்டாங்க. அவரோட கடைசி சிஷ்யன் விவியானி, கடைசி காலத்துல கண்ணு தெரியாத குருவுக்கு படிச்சுக் காட்டின பையன், வாழ்நாள் முழுக்க குருவுக்கு ஒரு கல்லறை கட்டணும்னு அலைஞ்சாரு, நடக்கல. தன் வீட்டு முகப்பையே குருவுக்கு நினைவுச் சின்னமா மாத்தினாரு, சொத்த இதுக்குன்னு எழுதி வச்சுட்டு 1703-ல செத்தாரு. 1737 மார்ச் 12-ம் தேதிதான் அனுமதி கிடைச்சு தோண்டினாங்க. 95 வருஷம். தோண்டினப்ப சிஷ்யனோட பெட்டியும் குருவோட பெட்டியும் இருந்துச்சு, கூடவே யாரும் எதிர்பாக்காம மூணாவதா ஒரு பெண்ணோட எலும்பு. கன்னியாஸ்திரியா இருந்து அப்பாவுக்கு முன்னாடியே 1634-ல செத்துப் போன மகள் மரியா செலஸ்தேதான்னு பெரும்பாலானவங்க நினைக்குறாங்க. மூணு பேரையும் சேத்தே இந்தக் கல்லறைல வச்சாங்க. அன்னைக்கு அங்க இருந்தவங்க கலிலியோவோட சில விரல், ஒரு பல்லு, ஒரு முதுகெலும்பு எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. புனிதர்களோட எலும்பத்தான் அப்படி எடுத்து வைப்பாங்க, சர்ச் தண்டிச்ச ஆளுக்கு ஜனங்க அதையே செஞ்சாங்க. அதுல ரெண்டு விரலும் பல்லும் ரொம்ப காலம் காணாம போய் 2009-ல ஒரு ஏலத்துல திரும்ப வெளிய வந்துச்சு. விரலும் பல்லும் இப்ப ஆத்தோரம் இருக்குற கலிலியோ மியூசியத்துல, நடந்தா பத்து நிமிஷம். முதுகெலும்பு மட்டும் பதுவா பல்கலைக்கழகத்துல இருக்கு.

மத்தவங்கள சுருக்கமா சொல்லிடறேன். அரசியல் எழுத்தாளர் மாக்கியவெல்லி 1527-ல செத்தாரு, கல்லறைச் சின்னம் வச்சது 1787-ல, லத்தீன்ல ஒரே ஒரு வரி, இந்தப் பேருக்கு ஈடான புகழ்ச்சி எதுவும் இல்லன்னு. இசையமைப்பாளர் ரொசினி பாரீஸ்ல செத்து அங்கயே புதைச்சு 1887-ல இங்க கொண்டு வந்தாங்க. நாடக எழுத்தாளர் அல்ஃபியேரியோட கல்லறை சிற்பி கனோவா செஞ்சது, மேல குனிஞ்சு அழுற பெண் உருவம் இத்தாலி நாடு, இத்தாலின்னு ஒரு நாடே உருவாகாத 1810-ல செஞ்சதுங்குறத நினைச்சுக்கிட்டுப் பாருங்க. கவிஞர் தாந்தேயோட பெரிய சின்னம் ஒண்ணு இருக்கு, 1829-ல செஞ்சது, உள்ள ஒண்ணும் இல்ல, காலி. 1302-ல ஊர விட்டுத் துரத்தினாங்க, 1321-ல ரவென்னால செத்தாரு, அப்புறம் ஃபிளாரன்ஸ் எத்தனையோ தடவ கேட்டும் ரவென்னா தரல. 1519-ல போப்பே கேட்டப்ப, கேட்டவங்கள்ல மைக்கேலாஞ்சலோவும் ஒருத்தர், ரவென்னா துறவிங்க எலும்ப எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க, 1865-லதான் திரும்ப கிடைச்சுச்சு. துரத்தினவங்க கேட்டா எப்படிக் கொடுப்பாங்க, அவங்க செஞ்சது நியாயம்தான். மார்க்கோனி, ஃபெர்மி பேர்லயும் பலகை இருக்கும், அவங்க ரெண்டு பேரும் இங்க இல்ல, அது நினைவுக்கு மட்டும். அதனால ஒவ்வொரு பேர் முன்னாடியும் இவர் உள்ள இருக்காரான்னு பாத்துக்குங்க.

ரெண்டு பக்கச் சுவர்லயும் வரிசையா ஒரே மாதிரி பெரிய பீடங்க இருக்கே, அது 1560-கள்ல வசாரி வந்து பண்ண மாத்தம். அதுக்கு முன்னாடி நடுவுல குறுக்கா ஒரு பெரிய தடுப்புச் சுவர் இருந்துச்சு, சுவர்ல ஆர்கான்யா வரைஞ்ச சாவு, நரகம்னு பிரம்மாண்டமான ஓவியம் இருந்துச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டாரு. ஓவியர்களோட வரலாற முதல்ல எழுதினவரே இந்த வேலைய பண்ணாருங்குறது எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியல. மிச்சத் துண்டுங்கள உள்ள மியூசியப் பகுதில வச்சிருக்காங்க, அந்தத் துண்டுல பிச்சைக்காரங்க சாவ பாத்து எங்களக் கூட்டிட்டுப் போன்னு கை நீட்டுற முகங்க இருக்கும், அத தேடிப் பாருங்க.

வெளிய போற வழில முற்றம், கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கியோட பாட்சி சாப்பல், பழைய சாப்பாட்டுக் கூடம் மூணும் ஒரே டிக்கெட்லயே வரும், களைப்பா இருக்குன்னு விட்டுடாதீங்க. பாட்சி சாப்பல்ல கதை சொல்ற சுவர் ஓவியம் இல்ல, பெரும்பாலும் வெள்ளைச் சுவரும் சாம்பல் கல்லும்தான், அவ்வளவு கதை பாத்த கண்ணுக்கு அது பெரிய ஓய்வு. சாப்பாட்டுக் கூடத்துல ஒரு சுவர் முழுக்க தாதேயோ காடி வரைஞ்ச கடைசி இராவுணவு, அதுக்கு மேல சிலுவையே மரமா கிளை விட்டிருக்குற ஓவியம். வசாரியோட கடைசி இராவுணவும் அங்கதான், அது மரப்பலகை ஓவியம், 66 வெள்ளத்துல முழுசா முங்கி, அம்பது வருஷம் கழிச்சு 2016-ல திரும்ப மாட்டினாங்க. மறுபடி வெள்ளம் வந்தா அத மேல தூக்குறதுக்கு ஒரு ஏற்பாடும் பண்ணியிருக்காங்க.

போறதுக்கு முன்னாடி சில விஷயம். நுழையுற வாசல் முகப்புல இல்ல, இடது பக்கம் சுத்திப் போகணும். முகப்பு பழசு இல்ல, 1863-ல முடிச்சது, டிசைன் பண்ண மத்தாஸ் யூதர், மேல இருக்குற அந்த பெரிய ஆறு முனை நட்சத்திரத்த பாத்துக்குங்க, அவர புதைச்சதும் வாசல் படிக்குக் கீழதான். ஞாயித்துக்கிழமை காலைல பூசை, சுத்திப் பாக்குறவங்களுக்கு மதியம் 12.30-க்கு மேலதான், மத்த நாள்ல காலை 9.30-க்கு திறப்பாங்க, திறந்த உடனே போனா ஜியோட்டோ முன்னாடி கூட்டம் இருக்காது. ஜூன் 13, அக்டோபர் 4 மாதிரி அந்தச் சபையோட திருநாள் பக்கம் போறீங்கன்னா அவங்க சைட்ல ஒரு தடவ பாத்துக்குங்க, எந்த சாப்பல்ல சாரம் கட்டி வேலை நடக்குதுன்னும் அங்கயே போட்டிருப்பாங்க. ஜூன் மாசம் போனா முன்னாடி இருக்குற மைதானம் முழுக்க மண்ணு கொட்டி, படிக்கட்டு வரிசை அடிச்சு, பழைய கால கால்பந்து மேட்ச்சுக்கு தயார் பண்ணியிருப்பாங்க, முகப்ப முழுசா போட்டோ எடுக்க முடியாது. தோளும் முட்டியும் மூடுற மாதிரி உடுத்திக்குங்க. ஃப்ளாஷ் போடாதீங்க. ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க, போன் கேமரால ஜூம் பண்ணிப் பாக்குறத விட அது எவ்வளவோ மேல். வெளிய வெயில்ல இருந்து உள்ள வந்ததும் சாப்பல் இருட்டா தெரியும், உடனே நகராம அஞ்சு நிமிஷம் அங்கயே நில்லுங்க, கண்ணு பழகப் பழக முகங்க ஒண்ணொண்ணா வெளிய வரும். பூசைக்கோ ஜெபத்துக்கோ மட்டும் போறவங்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனா அந்த நேரத்துல ஓவியம் பாக்க அங்க இங்க நடக்க விட மாட்டாங்க, அதனால அத நம்பி ப்ளான் போடாதீங்க.